பன்னிரண்டு கிழமை

குடும்ப வைத்தியரின் அறைக்கு வெளியே கிடந்த கதிரையில் இருந்து அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். கிழமையில் எத்தனை தரம் வியர்க்கும்படியாகவோ மூச்சு வாங்கும்படியாகவோ உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கீழே பெட்டிகள். ஒருபோதும் இல்லை, ஒரு தரத்துக்கும் குறைவு, ஒரு தரம், இரண்டு மூன்று தரம். அன்று விடிய ஐந்தரைக்கு வேலை தொடங்கி, ஒன்றரைக்கு முடித்து, உடுப்புக்கூட மாற்றாமல் நேரே அங்கே வந்திருந்தேன். கைத்தொலைபேசியைப் பார்த்தால் காலடிக் கணக்கு 14,000ஐத் தாண்டியிருந்தது. முதுகில் வியர்வை காய்ந்து சட்டை ஒட்டிப்போயிருந்தது. நான் எந்தப் பெட்டிக்குள் அடையாளம் போட?

கடைசியில் "ஒருபோதும் இல்லை" என்பதில்தான் போட்டேன். உடற்பயிற்சி என்று அவர்கள் கேட்பது எது என்று இத்தனை வருடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அதற்கென்று தனிச் சப்பாத்து, தனி உடுப்பு, தனி நேரம் வேண்டும். பாடசாலை ஒன்றின் மூன்று மாடியையும் துடைத்து முடிப்பது அதில் சேராது.

வைத்தியர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கதைத்தார். மூன்று மாதச் சராசரிச் சீனி 44 என்றார். 48 வந்தால் சலரோகம். 42 தாண்டினாலே கவனம் தேவை. "கொஞ்சம் கூடுதலாக அசையப் பாருங்கள்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. நோர்வேஜிய மொழி தெரியாமல் இல்லை. 1991இல் வந்தவள் நான், அந்த மொழியில் சண்டை பிடிக்கவும் தெரியும். ஆனால் விடியப்புறம் ஐந்தரையிலிருந்து குனிந்து நிமிர்ந்து, வாளி தள்ளி, கதிரைகளைத் தூக்கி மேசையில் கவிழ்த்துவிட்டு வந்தவளிடம் "அசையுங்கோ" என்றால் எந்த மொழியில் என்ன பதில் சொல்லுவது?

வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், உடனே கணினியைத் திறந்தாள். "அம்மா, டொக்டர் சொன்னது பிழையில்லை. வேலையில நடக்கிறது வேற, வெளியில நடக்கிறது வேற" என்றாள். டென்மார்க்கில் அந்திரேயாஸ் ஹோல்தர்மன் என்ற ஆய்வாளரின் குழு, கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருடமளவு கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வாம். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதய நோயும் சாவும் குறைந்தன. வேலையில் கடுமையாக உடலை அசைத்தவர்களுக்கோ அவை கூடின. ஓய்வு நேர நடை கொஞ்ச நேரம் இதயத்தை வேகமாக ஓடவிட்டு, பிறகு ஆறவிடும். வேலை அப்படி ஆறவிடாது. எட்டு மணித்தியாலம் ஒரே மூட்டை, ஒரே நாரியை, ஒரே தோளைப் போட்டு வருத்தும். இரத்த அழுத்தம் மணிக்கணக்காக ஏறியே நிற்கும். இப்படித்தான் அவர்கள் விளக்குகிறார்கள்.

சரி, விளங்குகிறது. என் நாரி அதைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மகள் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைச் சுட்டது. உடலசைவு இதயத்தைக் காக்கிறது என்ற அறிவே வேலைசெய்யும் மனிதர்களின் கால்களிலிருந்து வந்ததாம். லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் இரண்டு தட்டு பஸ்களின் சாரதிகளையும் கொண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் எழுதினார். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு. படி ஏறிய கூலித் தொழிலாளியைப் பார்த்துத்தான் உலகம் இதைக் கற்றுக்கொண்டது. எழுபது வருடம் கழித்து அதே படியில் நான் வாளியோடு ஏறினால் அது கணக்கில் இல்லை. அறிவு மாறலாம், மாறத்தான் வேண்டும். மாறிய பிறகு வேலையில் வருந்துகிறவளுக்கு எப்போது, எங்கே, எந்த உடம்போடு நடப்பது என்று யாராவது சேர்த்துச் சொன்னார்களா? சுகாதார இயக்குநரகத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரையில் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்று இருக்கிறது. அந்த நிமிடங்கள் என்னுடைய நாளில் எங்கே கிடக்கின்றன?

மார்கழி 21இல் ஒஸ்லோவில் சூரியன் காலை 9.18க்கு வந்து பின்னேரம் 3.12க்குப் போய்விடும். ஆறு மணித்தியாலம்கூட இல்லை. நான் வேலைக்குப் போகும்போதும் இருட்டு. வேலை முடிந்து, கடைக்குப் போய், சுரங்க ரயில் பிடித்து எங்கள் மாடிக்கட்டட வாசலில் நிற்கும்போதும் இருட்டு. வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றி, சுடுதண்ணீரில் காலை வைத்தால் உடம்பில் ஒரு கனம் இறங்கும். அதற்குப் பிறகு எழும்ப முடியாது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே சொல்தான்: பஞ்சி.

பஞ்சி. இந்தச் சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம். எங்கள் ஆட்கள் எல்லாரும் இதை ஆளாளுக்குத் தூக்கி எறிகிறார்கள். மனிசன் சொல்லுவார், "உனக்குப் பஞ்சி." அவரும் அதே கதிரையில்தான் இருக்கிறார். 1987இல் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் தொடங்கியவர். ஈரமும் குளிருமாக நின்று மீன் வெட்டி இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவரைப் போல எத்தனை பேர்! எண்பதுகளில் அந்த வடமுனைக் கரையோர ஊர்களுக்குப் போன எங்கள் பெடியள் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர். ஊரில் பந்தடித்தவர்கள், நீந்தினவர்கள், பத்து மைல் சைக்கிள் மிதித்து ரியூசனுக்குப் போனவர்கள். இன்று அவர்கள் அறுபதைத் தாண்டி மருந்துப் பெட்டியோடு இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஆராவது "பஞ்சி" என்று சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

ஊரில் எனக்குப் பஞ்சி என்ற ஒன்றே இருந்ததில்லை. ஆனால் அங்கே நான் தேகப்பியாசம் செய்ததும் இல்லை, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று கையைத் தூக்கியதைத் தவிர. கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். படலையைத் திறந்தால் ஒழுங்கை, ஒழுங்கை முடிந்தால் கோயில். வழியில் நாலு வீட்டில் நின்று கதைத்தோம். போன வேலைக்கு இடையில் உடம்பு தானாக அசைந்தது. "நடக்கப் போறன்" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தரும் படலையைத் திறந்ததில்லை. போனால் ஒரு வீட்டுக்கோ ஒரு சாமிக்கோ போனோம். இன்றைக்கும் பாருங்கோ, கோடையில் ஒஸ்லோ முருகன் கோயில் தேர் என்றால், "முழங்கால் நோகுது, நிக்கேலாது" என்று வருடம் முழுக்கச் சொல்லும் அதே அக்காமார் வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் மணிக்கணக்காக நடக்கிறார்கள். அந்தக் காலுக்கு அன்று எங்கிருந்து பலம் வந்தது? ஆட்கள் இருக்கிறார்கள், போகிறதுக்கு ஒரு காரணம் இருக்கிறது, திரும்பி வந்தால் "வந்தனீங்களோ" என்று கேட்க ஒருத்தர் இருக்கிறார்.

எங்கள் ஆட்களிலும் பிழை இருக்கிறது, மூடி மறைக்க மாட்டேன். அறுநூறு மீற்றர் தூரக் கடைக்குக் கார் எடுக்கிறோம். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மூன்று மணித்தியாலம் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்சுமாக இருந்து கதைக்கிறோம். அந்த நேரத்தில் வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் என்ன என்று ஒரு தரம் கேட்டேன். "இந்த வயசில ஆரோ வெள்ளைக்காரியள் மாதிரித் தடியை ஊண்டிக்கொண்டு திரியிறதே? பாக்கிற சனம் என்ன சொல்லும்?" என்றார் ஒருவர். பார்க்கிற சனம் யார்? நாங்களேதான். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் எழும்பித் தனியாக ஒரு சுற்று நடந்தேன். தனியாக ஒரே ஒரு தரம்தான் நடக்க முடிந்தது. அடுத்த சனி நானும் ரோல்சோடு இருந்தேன்.

நோர்வேக்காரரைக் காட்டித்தான் எல்லாரும் எங்களைக் குத்துவார்கள். இவர்கள் காலில் ஸ்கீயோடுதான் பிறக்கிறார்களாம், இவர்களின் இரத்தத்தில் அது ஊறியிருக்கிறதாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சுரங்க ரயிலில் ஸ்கீயும் முதுகுப் பையும் தோடம்பழமுமாக ஏறுகிறவர்களைப் பார்த்தால் வேறு ஒரு சாதி மனிதர் மாதிரித்தான் இருக்கும். ஆனால் இரத்தத்திலேயே ஊறியிருந்தால் இந்த நாட்டின் விளையாட்டுச் சம்மேளனம் 1967இல் "ட்ரிம்" என்று ஒரு இயக்கத்தைத் தொடங்கி, போட்டிக்குப் போகாத சாதாரண சனத்தை அசையப்பண்ண ஏன் பாடுபட்டிருக்க வேண்டும்? கார் வந்து, தொலைக்காட்சி வந்து, இவர்களுடைய சனமும் சோபாவில் சாய்ந்துவிட்டது என்ற கவலையில்தான். அந்த இயக்கத்தைப் பார்த்து ஜெர்மனிக்காரர்கூட 1970இல் அதே பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கே அரசு பந்தய நிறுவனத்தின் இலாபத்திலிருந்து விளையாட்டுக்கு என்று பணம் ஒதுக்கி, ஊர் ஊராகக் காட்டுப் பாதைகளில் விளக்குக் கம்பம் நட்டார்கள். காட்டில் எவரும் நடக்கலாம் என்று 1957இல் ஒரு சட்டம். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டை வெட்டிக் கட்டடமாக்காமல் காக்க 2009இல் இன்னொரு சட்டம். இவ்வளவையும் செய்தபிறகு வந்த பழக்கத்தை இரத்தம் என்று சொல்லுகிறார்கள். விளக்கு நட்டு, பாதை வெட்டி, சட்டம் போட்டு உண்டாக்கினதை எங்களிடம் மட்டும் மனஉறுதியால் உண்டாக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு நோர்வேஜியக் கிழவி இருக்கிறா. 78 வயது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்துக்குப் படி இறங்குவா, மழையோ பனியோ. ஒரு நாள் படியில் மறித்துக் கேட்டேன், "உங்களுக்கு அலுப்பே வராதா?" என்று. அவ சிரித்துவிட்டு, "தினமும் வருகிறது. ஆனால் காட்டுப்பாதை தொடங்குகிற இடத்து இரும்புத் தடையடியில் இரண்டு பேர் நிற்பார்கள். நான் போகாவிட்டால் குளிரில் காத்திருப்பார்கள்" என்றா. முப்பது வருடமாக மூன்று பேர், ஒரே தடை, ஒரே நேரம். இதுவரை நான் அவவின் மனஉறுதியைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவவிடம் இருந்தது இரண்டு சிநேகிதிகள்.

வைத்தியர் அன்றைக்கு ஒரு சீட்டும் எழுதித் தந்தார். அதை நான் சொல்லத்தான் வேண்டும். இங்கே அதற்குச் சுகவாழ்வுச் சீட்டு என்கிற மாதிரிப் பெயர். மாநகரங்களும் நகரசபைகளும் நடத்தும் சுகவாழ்வு நிலையங்களுக்கு அதைக் கொண்டுபோனால், ஒருவர் இருந்து கதைத்து, என்ன முடியும் என்று கேட்டு, ஒரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவார். காலம் பன்னிரண்டு கிழமை. நல்ல யோசனை. 2003இல் மருந்துக்குப் பதிலாக உடலசைவை எழுதிக்கொடுக்கும் பச்சைச் சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பிறகு படிப்படியாக இந்த வடிவத்துக்கு வந்தது.

நான் போன கூட்டத்தில் பதினான்கு பெண்கள். தமிழ் ஆட்கள் நாலு பேர், சோமாலியர், பாகிஸ்தானியர், போலந்துக்காரி ஒருத்தி, ஈராக்கிலிருந்து வந்த ஒரு ஆசிரியை. மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை, இயன்மருத்துவம் படித்தவள், முன்னுக்கு நடப்பாள். வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி. அவள் சொல்லித்தந்த முதல் பாடம் எனக்கு இன்னும் பயன்படுகிறது: கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்தில் நட. முதல் கிழமை நான் இருபது நிமிடத்தில் நின்றுவிட்டேன். நாரி கல்லாகியது. அவள் என்னை ஓரமாக ஒரு கல்லில் இருத்தி, துடைப்பதற்கு நான் எப்படிக் குனிகிறேன் என்று செய்துகாட்டச் சொன்னாள். காட்டுப்பாதையில், குளிர் காற்றில், கையில் இல்லாத தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குச் செய்துகாட்டினேன். இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் நகரும் முறையைச் சொல்லித்தந்தாள். இருபத்தைந்து வருட வேலையில் ஒருத்தரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

எட்டாம் கிழமை ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம், ஒரு மணித்தியாலம், ஒருத்தரும் நிற்கவில்லை. சோமாலியப் பெண் தன் மருமகளின் சண்டையை அரைகுறை நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். சண்டை முடிவதற்குள் பாதை முடிந்துவிட்டது. அடுத்த வியாழன் மிச்சக் கதையைக் கேட்கவாவது போகவேண்டும் என்றிருந்தது. வேலை முடிந்து வீட்டுக் கதிரையில் இருந்தால் எழும்பமாட்டேன் என்று தெரிந்து, நேரே அங்கே போகத் தொடங்கினேன். இரவில் நித்திரை வந்தது. மாதவிடாய் நின்றபிறகு வராத நித்திரை. சீனி 44இலிருந்து 41க்கு இறங்கியது.

பன்னிரண்டாம் கிழமை அந்தப் பிள்ளை எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். இனி நீங்களாகவே தொடருங்கள் என்று எழுதியிருந்தது. சீட்டைப் புதுப்பிக்கலாம், நானும் ஒரு தரம் புதுப்பித்தேன். அதற்குப் பிறகு புது ஆட்களுக்கு இடம் விடவேண்டும். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளையையும் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நாலு தமிழ் ஆட்களும் வைபரில் ஒரு குழு தொடங்கினோம். போலந்துக்காரி வேறு ஊருக்குப் போய்விட்டாள். சோமாலியப் பெண்ணின் மருமகள் கதை எனக்கு இன்றுவரை மிச்சம் தெரியாது.

"ஊக்கம் போயிட்டுது" என்று எல்லாரும் சொல்லுவார்கள். ஊக்கம் எங்கே போனது? மஞ்சள் மேற்சட்டையோடு போனது. வியாழன் ஐந்து மணியோடு போனது. எங்களுக்குள் இருந்து ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சலரோகம் வாழ்நாள் முழுக்க வரும். அதைத் தடுக்கும் நடைக்கு மட்டும் பன்னிரண்டு கிழமை. குளிசையை ஆராவது மூன்று மாதம் தந்துவிட்டு "இனி நீங்களே காய்ச்சிக் குடியுங்கோ" என்று சொல்லுவார்களா?

இது தெரியாத விஷயம் என்றால் மனம் ஆறும். இதே ஒஸ்லோவில், எங்கள் குறூருத் பள்ளத்தாக்கிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ரொம்சோஸ் என்ற மாடிக்கட்டடக் குடியிருப்பு, எழுபதுகளில் மலைக்குமேல் கட்டியது. சுரங்க ரயில் நிலையமே பாறையைக் குடைந்து வைத்தது. வருமானம் குறைந்த, பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வாழும் இடம். 2000 முதல் 2003 வரை அங்கே அன்னெ காரன் யேனும் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் ஊரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். நடைக் கூட்டங்கள் வைத்தார்கள், நடைபாதைகளுக்கு அடையாளம் போட்டார்கள், வெளிச்சம் கூட்டினார்கள், மாரியில் பாதைக்குச் சரளை போட வைத்தார்கள், ஒவ்வொருவரோடும் இருந்து கதைத்தார்கள். பக்கத்து ஃபூருசெத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது ரொம்சோஸில் உடலசைவு கூடியிருந்தது. எடை கூடியவர்களின் பங்கு மற்ற இடத்தைவிடப் பாதியளவு குறைவு. 2006இல் சர்வதேச சலரோகச் சஞ்சிகை ஒன்றில் முடிவுகள் வந்தன. படிப்புக் குறைந்தவர்கள், வெளிநாட்டுக்காரர், இவர்களை அசைக்கேலாது என்ற கதைக்கு அதுதான் பதில்.

2002இல் இதே நகரத்தில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆட்களை மட்டும் எடுத்து ஒரு பெரிய சுகாதார ஆய்வும் நடந்தது. எங்கள் இரத்தத்தை எடுத்தார்கள், இடுப்பை அளந்தார்கள். இலங்கையருக்குச் சலரோகம் நோர்வேஜியரைவிடப் பல மடங்கு என்று கண்டார்கள். வைட்டமின் டி எங்களில் பலருக்கு மிகக் குறைவு என்றும் கண்டார்கள். தெற்காசிய உடம்புக்கு எடை குறைவாக இருக்கும்போதே சீனி ஏறிவிடும் என்பதும் இப்போது எல்லாருக்கும் தெரியும். அளந்தது போதும் என்று எனக்குச் சொல்லவேண்டும்போல இருக்கிறது. இருபது வருடமாக அளந்த இடுப்புகள் இவை. இன்னும் எத்தனை தரம் அளந்துவிட்டு, பன்னிரண்டு கிழமையில் விட்டுவிட்டுப் போவீர்கள்?

வைபர் குழு முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. வியாழன் ஐந்து மணி, கட்டடத்துப் படியடி, நாலு பேர். கார்த்திகை கடைசியில் மழை பெய்து, அன்றிரவே குளிர் இறங்கி உறைந்தது. அடுத்த நாள் பாதை முழுக்கக் கண்ணாடி. நான் படியில் இருந்து சப்பாத்துக்கு முள்ளு மாட்டிக்கொண்டிருந்தேன். இங்கே அதற்குப் புரொடர் என்று பெயர், ரப்பர் வளையத்தில் இரும்பு முள்ளுகள் பதித்திருக்கும். முன்பக்கத்தை விரலடியில் கொளுவிவிட்டு, பின்பக்கத்தை இழுத்துக் குதிக்கு மேலால் ஏற்றவேண்டும். குளிரில் ரப்பர் விறைத்து இழுபடாது. நாரிப்பிடிப்போடு குனிந்து அதை ஏற்றுவதற்குள்ளேயே வேர்த்துவிடும். கடைக்குள் போனால் உடனே கழற்றவேண்டும், கழற்றாவிட்டால் மாபிளில் சறுக்கும். திரும்ப வெளியே வந்தால் திரும்பக் குனி.

இரண்டாம் மாடி அக்கா முள்ளு மாட்டாமல் இறங்கிவிட்டா. "இந்தா, முன்னுக்குத்தானே நிக்கிறன்" என்றா. மூன்றாவது அடியில் கால் போனது. கையை ஊன்றினா. சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். மணிக்கட்டு. அவசர சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே வரிசையாகக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள். எலும்பு முறிவில் ஒஸ்லோ உலகத்திலேயே முன்னுக்கு நிற்கிற நகரம், அன்றைக்கு அதைக் கண்ணால் கண்டேன். அக்கா ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவ. ஆறு கிழமை வேலை இல்லை, அதற்குப் பிறகும் போர்வையை இழுத்து மடிக்கக் கை விடவில்லை. "நடக்கப் போய்த்தானே இது வந்தது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இனி அவவிடம் நான் எப்படி "வாங்கோ அக்கா" என்று கேட்பேன்?

சுரங்க ரயில் நிலையத்துக்குப் போகும் பாதைக்கு விடியவே சரளை போட்டுவிடுவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் விழக்கூடாது என்று. எங்கள் கட்டடத்திலிருந்து காட்டுப்பாதைக்கு ஏறும் நூற்றைம்பது மீற்றருக்கு மட்டும் போடுவதில்லை. அது வீட்டுச் சங்கத்தின் வேலை என்கிறார் ஒருவர், மாநகரத்தின் வேலை என்கிறார் இன்னொருவர். மூன்று மின்னஞ்சல் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, வேறு ஓரிடத்துக்கு எழுதச் சொல்லி. மேலே காட்டுக்குள் விளக்கு எரிகிறது, பாதை வடிவாகக் கிடக்கிறது. ஆனால் அங்கே ஏறுகிற நூற்றைம்பது மீற்றர் கண்ணாடி. அந்த நூற்றைம்பது மீற்றரைத் தாண்டவில்லை என்றுதான் எங்களைப் பஞ்சி பிடித்தவர்கள் என்கிறார்கள்.

பஸ் தரிப்பிடத்தடியில் சரளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. போன வியாழன் பின்னேரம் ஐஸ்கிறீம் வாளி ஒன்றையும் சோற்றுக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய் அள்ளினேன். சரளை குளிரில் ஒட்டிக் கட்டியாய்க் கிடந்தது, கரண்டி வளைந்துபோனது. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஒரு அடிக்கு ஒரு கைப்பிடி போட்டபடி ஏறினேன். பாதித் தூரத்தில் வாளி முடிந்துவிட்டது. எட்டு மணித்தியாலம் மற்றவர்களுடைய நிலத்தைத் துடைத்துவிட்டு வந்து, நான் நடப்பதற்கு நானே மண் போடவேண்டியிருக்கிறது. அக்காவின் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் இருந்தது, கட்டுப்போட்ட கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தா. வாளியைத் தூக்கிக் காட்டினேன். அவ மற்றக் கையால் பொறு என்று காட்டினா. கொஞ்ச நேரத்தில் கீழ்க்கதவு திறந்தது, அவவின் மகன் இரண்டு வாளியோடு வந்தான்.